செத்த வீட்டில் ஒரு சிரிப்புப் படம்

போன கிழமை பழுகாமத்தில் எனக்கு நல்ல ஏச்சு விழுந்தது. செத்த வீட்டில் சிரிப்புப் படம் போட்டுக் காட்டிய ஆள் யார்? ஓம், நான்தான்!

அத்தான் இறந்து அன்றைக்கு இருபது நாள். முப்பத்தோராம் நாள் கிரியை முடியும்வரை அந்த வீட்டில் டிவி, ரேடியோ சத்தம் கேட்கக் கூடாது. டிவியை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். வழக்கம், இருக்கட்டும். ஆனால் அக்கா? இருபது நாளாகத் தேத்தண்ணீரும் இரண்டு பிஸ்கட்டும்தான். கேட்டால், "பசிக்கல்ல தம்பி" என்பாள். எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

சத்தம்தானே கூடாது? படங்கள் பேசத் தொடங்காத காலத்துப் படமொன்று என் போனில் இருந்தது. நூறு வருடப் பழசு. அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து போட்டேன்.

தொப்பிக்காரன் ஒருவன் மிடுக்காக நடந்து வருகிறான். சேற்றில் சறுக்கி — தொபுக்கடீர்! எழும்பியதும் முதல் வேலையாக, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்க்கிறான். பிறகு ஒன்றுமே நடக்காததுபோலத் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொள்கிறான்.

"ஐயோ... இவரப்போலவே இருக்கு! வட்டைக்குள்ள, வயல் சேத்துல உரப் பையோட விழுந்தா, இவரும் இப்பிடித்தான் முழிப்பார்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண்ணீர் வழிய வழிய, வாய்விட்டுச் சிரித்தாள்.

படத்துக்குத்தான் சத்தமில்லை... அக்காவுக்கு இருந்ததே! முற்றத்தில் ஆட்களோடு கதைத்துக்கொண்டிருந்த அத்தானின் அண்ணன் ஓடிவந்தார்.

"செத்த வீட்டுல என்ன சிரிப்பு? ஊர் என்ன கதைக்கும்?"

நான் போனை மறைக்கப் பார்த்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊரையும் வரச்சொல்லுங்க. படம் இன்னும் முடியல்ல."

இந்தப் படங்களைக் குரங்குச் சேட்டை என்று தள்ளிவிடுகிற பெரிய மனிதர்களை எனக்குத் தெரியும். வாய் நிறைய வசனம் பேசும் எத்தனையோ படங்கள் ஒரு வருடத்திலேயே மறந்துபோகின்றன. விழுந்தவனின் வெட்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. எந்த நாட்டுக்காரனோ, எந்தச் சேறோ... நம் வரம்பில் விழுந்தெழும்பிய மனிதனை ஒரு நிமிடம் அக்காவிடம் கூட்டிவந்து விட்டானே! ஆறுதல் சொல்ல வந்த எங்களில் ஒருவருக்காவது அது முடிந்ததா?

வழக்கத்தைக் கெடுத்துவிட்டேன் என்று அத்தானின் அண்ணன் இன்னும் ஏசிக்கொண்டிருக்கிறார். ஓம், கெடுத்தேன்தான். நாளைக்கும் கெடுப்பேன்.

அன்று மத்தியானம் அக்கா சோறு கேட்டாள்.