பச்சை அட்டைக் கூண்டு

"…அப்போ பச்சை அட்டைக் கூண்டு எலிங்க குடிச்சது வெறும் சர்க்கரைத் தண்ணிதானா, மச்சான்?" என்றார் என் அக்காள் வீட்டுக்காரர். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தோம்.

நான் இங்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்கிறவன். தசைகளை ஆட்டிவைக்கும் நரம்புகள் மெல்லப் பட்டுப்போகிற பரம்பரை வியாதியோடு பிறந்த எலிகள். ஒரு நிற அட்டைக்கு மருந்து, இன்னொரு நிறத்துக்குச் சர்க்கரைத் தண்ணீர். எது எதுவென்று எனக்கும் தெரியாது, ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மாவுக்கும் தெரியாது. அந்த விவரம் ஒட்டி மூடிய ஒரு கவருக்குள் இருந்தது. எலியைக் கம்பி வலையில் விட்டு மெதுவாகத் தலைகீழாகத் திருப்புவேன். கம்பியைப் பிடித்துத் தொங்கும் எலி கீழே விரித்த துணியில் விழும்வரை விநாடிகளை எண்ணுவேன்.

அதே வியாதிதான் மாமாவின் அப்பாவைக் கொண்டுபோனது. இப்போது திருப்பாதிரிப்புலியூரில் செல்போன் ரிப்பேர் பார்க்கும் மாமாவின் வலது கை, திருப்புளியை நழுவவிடுகிறது. ரத்த டெஸ்ட் எடுத்துக்கொள்ளச் சொல்லி அக்கா கெஞ்சினால், "மருந்து வரட்டும் பாக்கலாம். போகாத ஊருக்கு எதுக்கு வழி கேக்கணும்?" என்பார்.

என் வாய் சும்மா இருக்குமா? போன மாதம் சொல்லிவிட்டேன்: "பச்சை அட்டைதான் மருந்து, மாமா. அதுல ஒண்ணு விழவே மாட்டேங்குது. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்." அன்றே அக்கா வேண்டுதலாக வடலூர் தருமசாலை அன்னதானத்துக்கு ஒரு மூட்டை அரிசி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

இன்று காலை கவரைப் பிரித்தார்கள். என் பழமொழியைக் கேட்ட டாக்டரம்மா சிரித்தார். "சோறு எல்லாம் ஒரே பானையில வேகுது. எலி ஒவ்வொண்ணும் தனி அடுப்புங்க."

"மருந்து குடிச்சதுங்க?" என்றார் மாமா.

"சிவப்பு அட்டை. எல்லாத்தையும் சேத்துப் பாத்தா கொஞ்ச நேரம் ஜாஸ்தி தொங்குதுங்க. ஆனா எலிக்குத்தான் மாமா. மனுசனுக்கு வர இன்னும் எவ்வளவோ படி இருக்கு."

தலை குனிவார் என்று நினைத்தேன். அவர் கண்ணில் வேறு ஏதோ ஓடியது.

"அந்தப் பச்சை எலி மருந்தே இல்லாம எப்புடித் தொங்குது?"

"அவுங்களுக்கும் புரியல. ரத்தம் எடுத்துப் பாக்கப் போறாங்க."

"எலியே ரத்தம் குடுக்குதா…" என்றார்.

கடலூர் பஸ் வந்து நின்றது. மாமா ஏறவில்லை. பையை என்னிடம் கொடுத்தார், செருப்பைக் கழற்றினார். நிழற்கூரைக்குக் குறுக்கே ஓடிய இரும்புக் குழாயை இரண்டு கையாலும் பிடித்தார்.

"எண்ணு, மச்சான்" என்று கால்களைத் தரையிலிருந்து தூக்கினார்.