பாஸ்போர்ட்டில் இருந்த குழந்தை

எனக்குக் கல்யாணம் ஆனதற்கு அத்தாட்சி எதுவும் இல்லை என்று முதன்முதலில் சொன்னவர், பெரியகுளம் தாலுகா ஆபீசு வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவர். அப்போது என் மடியில் எட்டு மாதக் குழந்தை இருந்தது. அவர் குழந்தையைப் பார்த்தார், என் கழுத்தைப் பார்த்தார். "எனக்குத் தெரியுதும்மா. ஆனா காயிதத்துலல்ல இருக்கணும்" என்றார்.

இது ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. என் கணவர் மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்தார். காயத்துக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்கு மருந்து கலக்கிக் கொடுப்பது அவர் வேலை. லீவில் போடிக்கு வந்தவருக்கு என்னைப் பேசி முடித்தார்கள். மூன்று மாதம் சேர்ந்திருந்தோம். அவர் கப்பலேறியபோது நான் முழுகாமல் இருந்தது எங்கள் இருவருக்குமே தெரியாது. கடிதத்தில்தான் சொன்னேன். பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்தப் பதிலில் பாதி எனக்கான மருந்துக் குறிப்புகள்.

என்னைப் பெற்ற அய்யா போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. எனக்குப் பிரசவ நேரம் காய் எடுப்புக் காலத்தில் வந்தது. ஆத்தாவும் அய்யாவுக்குச் சோறாக்க மலையில் இருந்ததால் நானும் அங்கேயே போனேன். தோட்டத்து வீட்டில்தான் மகள் பிறந்தாள். அந்த மண் திருவாங்கூர் பக்கத்துக்கு உட்பட்டது. அதனால் என்ன வந்துவிடும் என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை.

என் கணவர் மலாயாவில் எழுதிப் போட்டு, மனைவியும் மகளும் வரலாம் என்று அனுமதிச் சீட்டு வாங்கி அனுப்பினார். "இங்கே சட்டம் நாளுக்கு நாள் இறுகுகிறது. இந்தச் சீட்டுக்கும் கெடு உண்டு. வெரசாக் கிளம்பி வா" என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகுதான் ஆபீசு ஆபீசாக அலைச்சல் தொடங்கியது.

கல்யாணத்தில் போட்டோ எடுக்கவில்லை. எங்கேயும் பதியவும் இல்லை. ஐயரும் உறவுக்காரர் ஒருவரும் வந்து மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியம் செய்ய வேண்டும் என்றார்கள். ஆத்தாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஊரே வந்து தின்னுட்டுப் போச்சு. இன்னும் இவுகளுக்கு என்னத்துக்குச் சத்தியம்?" என்று பஸ்சு ஏறும்வரை கத்திக்கொண்டே வந்தாள்.

மாஜிஸ்திரேட் ஐயரைப் பார்த்து, "நீர்தான் நடத்தி வைத்தீரா?" என்று கேட்டார். பயந்துபோன ஐயர், ஆமாம் என்று சொல்வதற்குப் பதிலாகச் சங்கல்பத்திலிருந்து மந்திரத்தை ஆரம்பித்துவிட்டார். மாஜிஸ்திரேட் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும், என்னையும் ஆத்தா என்றே கூப்பிடும் அய்யா, "ஆத்தா, இன்னைக்கித்தான் ஒனக்குக் கல்யாணம் முடிஞ்சிருக்கு" என்றார். அவர் அப்படி விளையாட்டாகப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கப் போடியில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். தாய் படத்திலேயே பிள்ளையும் இருக்கலாமாம். அவள் ஓரிடத்தில் இருந்தால்தானே! போட்டோக்காரர் சாவிக்கொத்தை ஆட்டினார், நாய்போலக் குரைத்தார். மகள் அவரைக் கண்டுகொள்ளாமல் என் தாலிக்கயிற்றை வாயில் வைத்துக்கொண்டாள். கடைசியில் அப்படியே எடுத்தார். நான் விறைத்துக்கொண்டு நேரே பார்க்கிறேன். அவள் கயிற்றைக் கடித்துக்கொண்டு, யார் கூப்பிட்டது என்பதுபோலத் திரும்புகிறாள்.

எல்லாம் அனுப்பியாகிவிட்டது. குழந்தையின் பிறப்புச் சான்று மட்டும் பாக்கி. போடி முனிசிபாலிட்டியில் கேட்டதற்கு, "மலையில பொறந்த புள்ளைக்கு மலையிலதான் வாங்கணும்" என்றார்கள். மலையிலிருந்த வில்லேஜ் ஆபீசில், பெற்றவள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அது அடைமழைக் காலம்.

"மழ விடட்டுமே" என்றாள் ஆத்தா.

"மழ விடும். சீட்டுக் கெடு நிக்காதே" என்றார் அய்யா.

மகள் தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தவள், விட்டுவிட்டுப் போக முடியாது. தோட்டத்துக்குச் சாமான் ஏற்றிப்போன ஜீப்பில் அவளைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு ஏறினேன். நாங்கள் போனபோது ஆபீசர் ஊரில் இல்லை. அவர் வரும்வரை தோட்டத்து வீட்டிலேயே தங்கினோம். நாலைந்து நாள் கழித்து வந்தவர் மரியாதையான மனிதர். மலையாளத்தில் எழுதி, முத்திரை வைத்து, குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, "கப்பல் யாத்ரயா மோளே?" என்று கேட்டார். அன்றைக்கே கீழே இறங்கிய ஓர் ஆளிடம் அய்யா சான்றைத் தபாலில் போடக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் கீழே இறங்குவதாக இருந்தோம். அன்றைக்குக் காலையில் அவள் உடம்பு கொதித்தது. மலைக்காய்ச்சல். தோட்டத்தில் இருந்த கொயினா மாத்திரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார்கள், அவள் துப்பினாள். போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அய்யா ஜீப்புக்கு ஆள் அனுப்பினார். வளைவில் மண் சரிந்து ரோடு அடைத்துக் கிடப்பதாகச் செய்தி வந்தது. அவரே மண்வெட்டியோடு போய், மற்ற ஆட்களோடு நின்று வெட்டினார். கணக்கெழுதிய கை அது. திரும்பி வந்தபோது உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தன.

ரோடு திறந்து ஜீப்பு வாசலுக்கு வந்துவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்தார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். ஆத்தா என் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். "வேணாம் தாயி. ஒக்காரு" என்றாள். எனக்குப் புரியவில்லை. "வண்டி வந்திருச்சு ஆத்தா" என்றேன். இரண்டாவது தடவை அவள் சொன்னபோதுதான் என் கையில் இருந்ததைப் பார்த்தேன்.

தோட்டத்து எல்லையில் அய்யாவும் இரண்டு ஆட்களும் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். பெண்கள் போகும் வழக்கம் இல்லை. எந்த இடம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அய்யா மலாயாவுக்கு எழுதினார். அந்தக் கடிதம் கடல் கடந்து போய்ச் சேரும்வரை அங்கிருந்து வழக்கம்போலக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. பல் முளைத்ததா, கப்பலில் பால் கெட்டுப்போகும், டப்பா மாவு வாங்கிக்கொள், தலையில் எண்ணெய் அதிகம் வைக்காதே. பிரிக்காமல் வைத்துவிடலாம் என்று தோன்றும். முடியாது. பிரித்து வாசிப்பேன். அவர் இருக்கிற ஊரில் மகள் இன்னும் உயிரோடு இருந்தாள்.

பிறகு ஒரு கடிதம் வந்தது. நாலு வரிதான். "நீயாவது வந்துவிடு" என்று முடிந்திருந்தது.

நான் போகமாட்டேன் என்று படுத்துக்கொண்டேன். அந்த வாரம்தான் பாஸ்போர்ட் ரிஜிஸ்டர் தபாலில் வந்தது. உள்ளே எங்கள் படம். எதிர்ப் பக்கத்தில் அவள் பெயர். ஆத்தா அதைத் தட்டில் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, எடுத்துப் பெட்டிக்குள் போட்டாள். அய்யா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினார். "அங்க ஒரு மனுசன் தனியா ஒக்காந்து அழுதுக்கிட்டிருக்காரு ஆத்தா. இங்க அழுகிறதுக்கு நாங்க ரெண்டு பேர் இருக்கோம்" என்றார். அதற்குமேல் என்னால் மறுக்க முடியவில்லை.

ஆனால் காகிதப்படி நாங்கள் இரண்டு பேர். இரண்டு பேராகப் பதிந்துவிட்டு ஒருத்தி மட்டும் போனால் துறைமுகத்தில் நிறுத்திவிடுவார்கள் என்றார் மனு எழுதுபவர். இறப்புச் சான்று வாங்க அய்யா தனியாக மலைக்குப் போனார். அதே ஆபீசர்தான் எழுதினாராம். கட்டணத்தை நீட்டியபோது கையை மடக்கிவிட்டு, "வேண்டா கணக்கப்பிள்ளே, இதுக்கு வேண்டா" என்றாராம். அய்யா எங்களிடம் இதைச் சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மதுரைக் கலெக்டர் ஆபீசில் பெயரை நீக்கச் சொல்லியிருந்தார்கள். கிளார்க் சின்ன வயதுக்காரர். சான்றுகளைச் சரிபார்த்தார், ஸ்கேலை வைத்தார், சிவப்பு மையால் பெயரின் மேல் கோடு இழுத்தார். பிறகு பாஸ்போர்ட்டை என் பக்கம் திருப்பி, "ஓரத்துல கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார்.

"நான் எதுக்குப் போடணும்? நீங்கதான அடிச்சீங்க?"

"உங்க சம்மதத்தோட அடிச்சதுன்னு இருக்கணும்."

நான் கேட்டேன்: "படத்துலயும் இருக்காளே, அத என்ன செய்வீக?"

கிளார்க் படத்தைப் பார்த்தார். அதுவரை பார்க்கவில்லை போலிருக்கிறது. "படத்த மாத்துறதுன்னா மறுபடி மெட்ராசுக்கு அனுப்பணும். ரொம்ப நாளாகும். அது அப்படியே இருக்கட்டும்மா" என்று மெதுவாகச் சொன்னார்.

இருக்கட்டும் என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் கையெழுத்துப் போட்டேன்.

அம்மை வராமலிருக்க அம்மைப்பால் ஊசி குத்திக்கொண்டேன். கப்பலுக்குப் பணம் கட்டினார்கள். போடியில் பஸ்சு ஏறும்போது ஆத்தா ஏலக்காய்ப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தாள், கடலில் வாந்தி வந்தால் மெல்லச் சொல்லி. அய்யா ஜன்னலோரம் நின்றவர், பஸ்சு கிளம்புமுன்பே திரும்பி நடந்துவிட்டார். அவரை நான் மறுபடி பார்க்கவில்லை.

பினாங்கில் இறங்கியபோது அதிகாரி படத்தையும் என்னையும் பார்த்தார். பிறகு என் பின்னால் வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார், யாரிடமாவது குழந்தை இருக்கிறதா என்று. எதிர்ப் பக்கத்துச் சிவப்புக் கோட்டைக் கண்டதும் முத்திரை குத்தினார்.

வெளியே என் கணவர் நின்றிருந்தார். மெலிந்திருந்தார். என் பெட்டியை வாங்கிக்கொண்டார். தோட்டத்துக்குப் போகிற பஸ்சில் ஏறி உட்கார்ந்தோம். பிறகு கேட்கத் தொடங்கினார். காய்ச்சல் விட்டுவிட்டு வந்ததா, குளிர் இருந்ததா, என்ன கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறவர்களிடம் கேட்பதுபோலவே கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். நடுவில் அவரே நிறுத்தி, "சரி, அது வேணாம். என்ன கனம் இருப்பா, அதச் சொல்லு" என்றார்.

நான் அவர் கையை எடுத்து என் மடியில் வைத்து, கொஞ்சம் அழுத்திக் காட்டினேன்.

எங்களுக்குப் பிறகு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் நான் இரண்டு என்பேன்; விளக்கிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு கிடையாது. அவர் மூன்று என்பார். மூத்தவள் என்ன செய்கிறாள் என்று அடுத்து கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஒருமுறைகூட அவர் குறைத்துச் சொன்னதில்லை.