மாலை போட்ட படம்

எழுத எனக்குத் தகுதியில்லை. படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில், படிப்பை நிறுத்தியவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தேயிலை மலையில் முதன்முதலாகத் தொடங்கிய தமிழ் வானொலியின் கதையில் திறப்பு விழாவை மற்றவர்கள் எழுதுவார்கள். இந்த நாளை நான்தான் எழுத வேண்டும்.

தானா ராத்தாவில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறைகள்தான் நிலையம். வெளிச் சத்தம் கேட்காமலிருக்கச் சுவரெல்லாம் முட்டைத் தட்டு ஒட்டியிருந்தோம். எனக்கு மரண அறிவிப்பு வாசிக்கும் வேலை. தாளில் இருப்பதை வாசிப்பேன். தாள் இல்லாமல் மைக்கில் பேசியதே இல்லை.

மரணச் செய்தி வாட்ஸ்அப்பில்தான் வரும்: படம், பெயர், தோட்டத்தில் எந்த டிவிஷன், வயது. அன்று காலை ஒரு படம் வந்தது. கழுத்தில் மாலை, சிரிக்காத முகம். ‘மாரிமுத்து, மூன்றாம் டிவிஷன், வயது 60. ரேடியோவில் சொல்லவும்.’ மரண அறிவிப்பாக மூன்று முறை வாசித்தேன்.

பத்து நிமிடத்தில் போன்.

“மாரிமுத்து பேசுறேன்மா. என்னா, என்னைய அனுப்பி வெச்சிட்டியா? நேத்து பென்சன் ஆனேன், தோட்டத்துத் துரை மாலை போட்டாரு. வாழ்த்து சொல்லச் சொல்லி மக அனுப்புச்சி. இங்க கொழுந்து வெட்டுறத நிறுத்திட்டு எங்க லயத்து வீட்டுக்கே துக்கம் கேக்க வந்துட்டாங்க!”

அவர் குரல் மாறியது.

“அது போகட்டும்மா. கோலா தெர்லாவுல எங்கக்கா ராக்காயி தனியா இருக்கு. நெஞ்சு வலிக்காரி. உங்க ரேடியோதான் கேக்கும். போன் எடுக்க மாட்டேங்குது.”

நிலையப் பொறுப்பாளர் செல்வம் அண்ணனிடம் ஓடினேன். “நீங்க சொல்லுங்கண்ணே.”

“உன் குரல்லதானே செத்தாரு? உன் குரல்லயே எழுப்பி விடுலா.”

“எழுதிக்கிறேன்.”

“எழுதுற வரைக்கும் அந்தம்மா தாங்குமா?”

பாட்டை நிறுத்தி மைக்கைத் திறந்துவிட்டார். “ராக்காயி அக்கா, உங்க தம்பி உயிரோட இருக்காரு. பென்சன் ஆனதுக்குப் போட்ட மாலை அது. தப்பு என்னுடையது” என்றேன். எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. செல்வம் அண்ணன்தான் மைக்கை மூடினார்.

பிறகு காத்திருந்தோம். முக்கால் மணி நேரம் கழித்து மாரிமுத்து கூப்பிட்டார். அக்கா துக்கத்துக்குக் கிளம்பி, ரோட்டோரக் கடையில் லோரிக்குக் காத்து நின்றிருக்கிறார். கடை ரேடியோவில் என் குரல் வந்திருக்கிறது; உடனே கடைக்காரர் போனில் தம்பியைக் கூப்பிட்டிருக்கிறார்.

“அளுதுக்கிட்டே திட்டுதும்மா. ஒன்னைய இல்ல, என்னைய. பென்சன் ஆனத ஏன்டா சொல்லலன்னு.”

படம் செய்தியல்ல, கேட்டுத் தெரிந்துகொள்வதே செய்தி என்று அன்று புரிந்தது.

மறுநாள் ஒரு மரண அறிவிப்பு வந்தது. வாசிக்கும் முன் அந்த வீட்டுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் அழுதுகொண்டிருந்தார். வாசித்தேன்.