அக்கா பெயருக்குப் பின்னால் ஒரு பட்டம்

போன வாரம் சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு ஃபிளெக்ஸ் அடிக்கிறவர் வாட்ஸ்அப்பில் மாதிரி அனுப்பியிருந்தார். கூடவே ஒரு குரல் பதிவு: "மேடம், உங்க பேருக்குப் பின்னாடி பி.இ. போட்டுட்டேன். உங்க அக்கா பேருக்கு என்ன போடணும்னு சொல்லுங்க." பெயர் மட்டும் போதும் என்று பதில் அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். அன்று அதற்கப்புறம் ஆபீஸ் வேலை எதுவும் ஓடவில்லை.

எங்கள் பக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதானே. திருச்சுழி ரோட்டில் எந்த நிறுத்தத்தில் இறங்கினாலும் முதலில் கண்ணில் படுவது ஊர்ப் பெயர்ப் பலகை இல்லை, கல்யாண ஃபிளெக்ஸ்தான். மாப்பிள்ளை, பொண்ணு, தாய்மாமன், மாமன் மகன், அவனுடைய கூட்டாளிகள் எல்லோருக்கும் பெயருக்குப் பின்னால் ஒரு பட்டம் இருக்கும். காலேஜ் வாசலை மிதித்திருந்தால் போதும். முடித்தீர்களா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அது அவ்வளவு நாகரிகம் இல்லை.

புது ஃபிளெக்ஸுக்கு ஒரு வாடை உண்டு. மண்ணெண்ணெயும் புதுச் செருப்பும் கலந்த மாதிரி, வெயில் ஏற ஏற தலையை வலிக்க வைக்கும். அக்கா கல்யாணத்துக்கு வைத்தது அப்படித்தான் நாறியது. அவள் வாழ்நாளில் பார்க்காத ஒரு அருவிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கீழே பெயர், பக்கத்தில் பி.எஸ்சி. அருப்புக்கோட்டையில் கணக்குப் படித்தவள்தான். ஆனால் இரண்டு பேப்பர் அரியர் நின்றிருந்தது. "நவம்பர்ல எழுதிருவா. இப்பவே போட்டா என்ன கொறஞ்சிரும்?" என்றார் அப்பா. மாப்பிள்ளை வீட்டார் டிகிரி முடித்த பெண்தான் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள் என்பதும் ஒரு காரணம். நவம்பரில் அவளுக்கு மசக்கை. பரீட்சை அடுத்த தடவைக்குத் தள்ளிப்போனது.

கல்யாணம் முடிந்ததும் ஃபிளெக்ஸை யாரும் தூக்கி எறிவதில்லை. அப்பா அதை ஆட்டுக் கொட்டகைக்குப் படுதாவாகக் கட்டினார், படம் வெளியே தெரிகிற மாதிரி. படத்தில் இருந்த மச்சானின் ஒரு காலை வெள்ளாடு தின்றுவிட்டது. நானும் அம்மாவும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

மறு வருஷம் நான் பிளஸ் டூ முடித்தேன். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சீட்டு கிடைத்தது. வீட்டில் யாரும் பட்டதாரி இல்லையென்றால் படிப்புக் கட்டணத்தை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளும். அதற்கு முதல் பட்டதாரி சான்றிதழ் வேண்டும். அது கிடைக்காவிட்டால் எனக்குக் காலேஜ் இல்லை, அவ்வளவுதான். அந்த வருஷ மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்றிருந்தது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டு வந்தோம். விசாரணைக்கு வி.ஏ.ஓ. வீட்டுக்கே வந்தார். தண்ணீர் குடித்துச் செம்பைக் கீழே வைத்தவர் கொட்டகையைப் பார்த்தார்.

"அது யாரு?"

"மூத்த பிள்ள சார்."

"பி.எஸ்சி.யா?"

"ஆமா சார், கணக்கு!" என்றார் அப்பா, முகமெல்லாம் சிரிப்பாக. சொல்லி முடித்த பிறகுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

அப்புறம் அரியர் கதையை எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். "ஊருக்கே போர்டு வச்சுட்டு இப்ப இல்லைங்கிறீக. எவனாவது மனுப் போட்டா என் வேலைதான் போகும். அந்தப் பிள்ளயவே நேர்ல வந்து எழுதிக் குடுக்கச் சொல்லுங்க" என்று வண்டியைக் கிளப்பினார்.

அக்கா வாக்கப்பட்டது பாலவனத்தத்தில். அவளுடைய மாமனாருக்கு அங்கே உரக்கடை. கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் 'மருமக கணக்குல டிகிரி' என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷர். கைப்பிள்ளைக்காரி தனியாகப் போக வேண்டாம் என்று அவரே கூட்டிக்கொண்டு வந்தார். வி.ஏ.ஓ. ஆபீஸில் அக்கா எழுதினாள். வி.ஏ.ஓ. அதை வாங்கிச் சத்தமாகப் படித்தார்: பட்டப்படிப்பில் தேர்ச்சி பெறவில்லை. மாமனார் வாசல்படியில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "வாங்க, டீ குடிச்சுட்டுப் போவோம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கடையில் அதற்கப்புறம் அவர் மருமகள் படிப்பைப் பற்றிப் பேசியதே இல்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

எனக்கு அன்று சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. மலை ரோட்டில் பஸ் ஏறும்போது காது அடைக்குமே, அப்படி இருந்தது. அந்த டீ இனித்ததா என்றுகூட ஞாபகம் இல்லை.

நாங்கள் கிளம்பும்போது வி.ஏ.ஓ. அக்காவைக் கூப்பிட்டு ஒன்று சொல்லியிருந்தார். "தங்கச்சி முடிக்கிற வரைக்கும் அந்தப் பேப்பர எழுதிராதம்மா. நீ பாஸாயிட்டா வீட்டுல மொதப் பட்டதாரி நீதான?" அது சட்டமா, அவர் வாய்க்கு வந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் யாரும் போய்க் கேட்கவில்லை. அதிகாரி சொன்னால் சட்டம்தான் என்பது எங்கள் கணக்கு. அக்கா தலையை ஆட்டினாள்.

அடுத்த பரீட்சைக்கு அம்மா போனில் கேட்டாள். "பாப்பா முடிக்கட்டும்மா" என்றாளாம். வீட்டில் நான்தான் பாப்பா. அதற்கடுத்த பரீட்சைக்கு அம்மா கேட்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் எனக்குக் கட்டணம் கழிந்து ரசீது வரும்போது அந்தக் காது அடைப்பு மட்டும் வரும், போய்விடும். நான் படித்தேன், கேன்டீனில் புரோட்டா தின்றேன், எல்லோரையும் போலத்தான் இருந்தேன்.

கடைசிப் பரீட்சை முடிவு வந்த மறுநாளே பாலவனத்தம் போய், "இனிமே எழுதுக்கா" என்றேன். இரண்டு பேருமாக அருப்புக்கோட்டைக்கு அவள் படித்த காலேஜுக்குப் போனோம். ஆபீஸில் இருந்த பெண்மணி கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, "ஒங்களுக்கு டைம் முடிஞ்சு போச்சும்மா. அந்த சிலபஸே இப்ப இல்ல. படிக்கணும்னா திரும்ப மொத வருஷத்துல இருந்துதான் சேரணும்" என்றார்.

"சரிங்க மேடம்" என்று அக்கா எழுந்துகொண்டாள்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "நாலு வருசமும் படிச்சுக்கிட்டேதான்டி இருந்தேன். பிள்ளயத் தூங்க வச்சுட்டு, சோத்துக்கு ஒலய வச்சுட்டு. ரெண்டு புத்தகமும் அப்பிடியே தெரியும். இப்பக் கேளு, எந்தக் கணக்குனாலும் போட்டுக் காட்டுறேன்."

நான் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கணக்குகள் தெரியாது. அந்த இரண்டு பாடங்களையும் இப்போது எந்தக் காலேஜிலும் நடத்துவதில்லை.