மஞ்சள் பேசினும் எறும்புகளும்

எறும்பைக் கண்ட அன்றைக்கே எனக்கு ஏன் விளங்கவில்லை? 

மகளுக்கு ஐந்து வயது. இரத்தப் புற்றுநோய் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி, மருந்து தொடங்கி அப்போது மூன்றாவது கிழமை. ஊசிக்கும் ஊசிக்கும் இடையில் சில நாட்கள் வட்டக்கச்சி வீட்டுக்கு விட்டிருந்தார்கள். தினமும் விழுங்கக் கொடுக்க வேண்டிய குளிசைகளில் ஒன்று ஸ்டீரொயிட். பசி கூடும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். இப்படிக் கூடும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு கோப்பைச் சோற்றைத் தின்றுவிட்டு, கை காய முதல் அடுத்த கோப்பை கேட்பாள். கன்னம் ஊதி, வயிறு உப்பி, வாயோரம் பிஸ்கட் தூள் ஒட்டியிருக்க என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். பெற்ற பிள்ளையைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. எழுதக் கை கூசுகிறது. ஆனால் இருந்தது.

எங்கள் பக்கம் வருத்தம் பார்க்க வருபவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. பாலில் கரைத்துக் குடிக்கும் மோல்ட் மா ரின், கிரீம் பிஸ்கட், குளுக்கோஸ் பக்கற், சோடாப் போத்தல். அலுமாரிக்கு மேலே இடமில்லாமல் கதிரையிலும் அடுக்கி வைத்திருந்தோம். “நல்லாச் சதை வைச்சிட்டாள், இனிப் பயமில்லை” என்று சொல்லி ஊதிய கன்னத்தைக் கிள்ளிப்போட்டுப் போவார்கள்.

ஆஸ்பத்திரியில் சொன்னதையெல்லாம் நான் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். கிருமி தொற்றக்கூடாது, வெளிச்சாப்பாடு வேண்டாம், கொதித்தாறிய தண்ணீர், உடைக்காத பக்கற் என்றால் பரவாயில்லை. அந்தக் கடைசி வரியை நான் பிடித்துக்கொண்டேன். கீரையைக்கூடப் பயந்து பயந்து கொடுத்தவள், பிஸ்கட்டைப் பயமில்லாமல் கொடுத்தேன். உடைக்காத பக்கற்தானே. குளுக்கோஸைக் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்தேன். என் கவனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

பிறகு தாகம் வந்தது. செம்பு செம்பாகக் குடித்தாள். நிறையத் தண்ணீர் குடித்தால் மருந்தின் நஞ்சு கழியும் என்று சொல்லியிருந்ததால் சந்தோஷப்பட்டேன். கக்கூஸ் வீட்டுக்கு வெளியே. அவளுக்குக் கால் பலமில்லை. அதனால் மஞ்சள் பேசின் ஒன்றை அறை மூலையில் வைத்திருந்தேன். அது நிறைந்துகொண்டே இருந்தது.

ஒருநாள் காலை பேசினைத் தூக்கினால், விளிம்பெல்லாம் சிற்றெறும்பு. உள்ளே மிதப்பவை பாதி, சுவரோரம் வரிசையாக வருபவை மீதி. என் கையிலும் ஏறிவிட்டன. பேசினைக் கீழே வைத்து, கையை உதறிவிட்டு வாயைப் பொத்தினேன். பக்கத்து வளவில் இருக்கும் மச்சாள், என் கணவரின் அக்கா, வாசலில் நின்று சிரித்தா.

“உன்ர மகள் சீனிக்கட்டியெல்லோ பிள்ளை. எறும்பும் மணந்து பிடிச்சு வருது.”

“சும்மா இருங்கோ மச்சாள், எனக்குச் சத்தி வருது.”

“நீ உதுக்கே சத்தி எடுத்தா எப்பிடிப் பிள்ளை வளப்பாய்? மஞ்சளைத் தூவு, போயிடும்.”

தூவினேன். மண்ணெண்ணெய் மணம் பிள்ளைக்கு ஒத்துவராது என்பதால் மஞ்சள்தான் நல்லது என்று யோசித்துச் செய்தேன். உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள் நான். சிறுநீரில் குளுக்கோஸ் இருந்தால், பெனடிக்ற் கரைசல் விட்டுச் சூடாக்கச் செங்கட்டிச் சிவப்பாகும் என்று பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவள். என் கண்முன்னால் எறும்பு அதையே சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து மூன்றாம் நாள் அவள் பசி என்று கேட்கவில்லை. இரண்டு தரம் சத்தி எடுத்தாள். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து திரும்ப மூடினாள். ஓட்டோவில் ரவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். விரலில் குத்திச் சீனி பார்த்த தாதி, மெஷினை இரண்டாம் தரமும் பார்த்தா. அதில் இலக்கமே வரவில்லை. அளவுக்கு மேலே என்ற எழுத்துதான் வந்தது.

“என்ன சாப்பாடு குடுத்தனீங்கள் அம்மா?”

“வெளிச்சாப்பாடு ஒண்டும் இல்லை மிஸ். எல்லாம் உடைக்காத பக்கற். பிஸ்கட், மோல்ட், குளுக்கோஸ்…”

“குளுக்கோஸோ?” என்று கேட்டபடியே அவா டொக்டரைக் கூப்பிடப் போனா. என் விரல்களில் மோல்ட் மா மணந்தது. சீலைத் தலைப்பில் துடைத்தேன். போகவில்லை.

அங்கிருந்து அம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இன்சுலின் ஏற்றினார்கள். இரண்டு நாளில் கண் தெளிந்தது. “அந்தக் குளிசையாலயும் ஊசியாலயும்தான் சீனி ஏறினது. நீங்கள் அதுக்கு மேல ஊத்தியிருக்கிறியள்” என்றார் டொக்டர். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மருந்து எவ்வளவு, நான் எவ்வளவு என்று கேட்க வாய் வரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து கொப்பியைத் திறந்தேன். பக்கற் பற்றிய வரிக்கு இரண்டு வரி கீழே, என் சொந்தக் கையெழுத்தில் இருந்தது: ‘சீனி கவனம்’. பல் பழுதாகும் என்பதற்காகச் சொல்கிறார்கள் என்று நினைத்திருப்பேனா? எழுதினது ஞாபகமே இல்லை.

குளிசை நிற்க, சீனியும் இறங்கியது. இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் சிகிச்சையின் அடுத்த கட்டத்தில் அதே குளிசை வருகிறது, வருகிற மாதம். அதே ஊசியும். சீனி பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். என்ன கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம் என்பதை ஆஸ்பத்திரி வாட்டில் எழுதித் தந்திருக்கிறார்கள். பட்டினி போடவும் கூடாதாம், அவளுக்குப் பலம் வேண்டுமாம்.

நேற்று மச்சாள் வந்து போன பிறகு, மகளின் தலையணைக்குக் கீழே இரண்டு டொபி, உருகி உறையோடு ஒட்டியபடி. மச்சாளிடம் கேட்டதற்கு, “பாவம், பிள்ளை ஆசைப்பட்டுது. ஒண்டு ரெண்டு என்ன செய்யும்?” என்றா. அன்பில்தான் செய்கிறா. அந்த அன்பைப் பார்க்கவே எனக்குக் குமட்டுகிறது. அதே அன்பில்தானே நானும் கரைத்துக் கொடுத்தேன்.

மருந்தைப் பற்றி டொக்டரிடம் கேட்டுக்கொள்வேன். இதை வாசிக்கிற உங்களில் யாராவது இந்தக் குளிசைப் பசியோடு ஒரு பிள்ளையை வைத்துப் பார்த்திருந்தால், எனக்கு இரண்டு விஷயம் எழுதுங்கள். தட்டை நக்கிவிட்டு “அம்மா, இன்னும் தாங்கோ” என்று நிற்கும் பிள்ளைக்கு என்ன சொல்லிச் சமாளித்தீர்கள்? மோல்ட் ரின்னோடு படலையைத் திறந்து வரும் சொந்தக்காரரிடம், மனம் நோகாமல் அதை எப்படித் திருப்பிக் கொடுத்தீர்கள்? மனம் நொந்தாலும் பரவாயில்லை. எப்படி என்று மட்டும் சொல்லுங்கள்.