கூடினாலும் குறைந்தாலும் தொள்ளாயிரம்

மாங்கேணியில் ஞானமலரின் வீட்டுக்குக் கறண்ட் வந்ததே இல்லை. மண்ணெண்ணெய் விளக்கை ஊதி அணைத்துவிட்டுப் படுக்கிற குடும்பம். 2004ஆம் ஆண்டு நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் காலை, கடல் அந்த வீட்டையும் புருசன் பீற்றரையும் ஏழு வயது மகள் றொசானியையும் கொண்டுபோனது. மூத்தவன் டிலுக்ஷன் தென்னை ஒன்றைக் கட்டிப்பிடித்துத் தப்பினான். இரண்டு வருசம் கழித்து அவனையும் அகதி முகாம் வாசலில் வைத்து, சண்டைக்கு ஆள் பிடித்த இயக்கம் கொண்டுபோனது. அப்போது அவனுக்குப் பதினாறு வயது. பிறகு வாகரைப் பக்கம் சண்டை மூண்டது. ஊரோடு சேர்ந்து ஓடியவள், முகாம் முகாமாக அலைந்து, 2008இல் பட்டணத்தில், புளியந்தீவில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தாள்.

வீட்டுக்காரர் வினாயகமூர்த்தி, கந்தோரில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். யாரோடும் குரலை உயர்த்திப் பேசமாட்டார்.

"லைற் காசு மாதம் தொள்ளாயிரம் புள்ள. கூடினாலும் அதுதான், குறைஞ்சாலும் அதுதான். பில்லோட மாரடிக்கிற வேலை உனக்கு வேணாம்."

"பெரிய உபகாரம் ஐயா," என்றாள் ஞானமலர். உண்மையாகவே அவளுக்கு ஆறுதலாக இருந்தது. எது எப்போது தலையில் விழும் என்று தெரியாமல் நாலு வருசம் கழித்தவளுக்கு, மாறாத தொகை ஒன்று பிடித்துப்போனது.

அவள் கடை ஒன்றுக்குப் பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்துக் கொடுத்தாள். தைத்ததை அயன் பண்ணித்தான் கொடுக்க வேண்டும். மூன்றாம் மாதம் வினாயகமூர்த்தி அவளை மீற்றருக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினார். "பார், பம்பரம் மாதிரிச் சுத்துது. உன்ட அயனால எனக்கு நட்டம். நான் வாய் திறக்கிறல்ல, அவ்வளவுதான்."

அன்று முழுக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பழைய கரி அயன் ஒன்றை வாங்கி, சிரட்டைக்கரி போட்டுத் தேய்க்கத் தொடங்கினாள். இருட்டும்வரை லைற் போடமாட்டாள். அவருடைய மனைவிக்கு இரண்டு சட்டை காசு வாங்காமல் தைத்துக் கொடுத்தாள். தொள்ளாயிரம் மட்டும் குறையவில்லை.

2009 வைகாசியில் சண்டை முடிந்தது என்றார்கள். பட்டணத்தில் வெடி கொளுத்தினார்கள். ஞானமலர் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தாள். மறுநாள், காணாமல்போனவர்களைத் தேடித்தரும் நிறுவனமொன்றுக்குப் போய் வரிசையில் நின்று மகனின் பெயரைக் கொடுத்தாள். தகவல் அனுப்ப விலாசம் கேட்டார்கள். புளியந்தீவு விலாசத்தைக் கொடுத்தாள். அவளிடம் இருந்தது அந்த ஒரு விலாசம்தான்.

புரட்டாதியில் வினாயகமூர்த்தி குடும்பத்தோடு கொக்கட்டிச்சோலைத் தேருக்குப் போயிருந்த நாளில், மீற்றர் பார்க்கிற அஹமட் வந்தார். பில்லை எழுதி அவள் கையில் கொடுத்தார். முழு வீட்டுக்கும் எழுநூற்றுச் சொச்சம். ஞானமலர் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"இது என்ட அறைக்கு மட்டுமா தம்பி?"

"ஒரு மீற்றர்தானே அக்கா இரிக்கு? முழு வீட்டுக்கும் இதுதான்." அஹமட் சைக்கிளைச் சாய்த்துவைத்துவிட்டுப் பில்லைக் காட்டி விளங்கப்படுத்தினார். "இது மாதா மாதம் வாற நிலையான காசு. பாவிச்சாலும் பாவிக்காட்டியும் வரும், ஆனா சின்னக் காசு. மத்ததெல்லாம் யூனிற்றுக்கு. முதல் கொஞ்ச யூனிற் மலிவு, மேல போகப் போக விலை ஏறும். ஐயா வீட்ட பிறிஜ் இரிக்கு, தண்ணி மோட்டர் இரிக்கு. உங்கட்ட என்ன இரிக்கு?"

"ஒரு பல்ப்."

"ஒரு பல்ப்புக்கு அஞ்சாறு யூனிற்றுக்கு மேல ஓடாது. நீங்க எவ்வளவு குடுக்கிற?"

அவள் சொன்னாள். அஹமட் பில்லில் இருந்த தொகையை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

மாலையில் பில்லை நீட்டி, "ஐயா, முழு வீட்டுக் காசயும் நான்தானே கட்டுறன்?" என்று கேட்டாள்.

வினாயகமூர்த்தி பில்லை மடித்துப் பைக்குள் வைத்தார். "நீ ஒத்துக்கொண்டதுதானே? புடிக்காட்டி வேற இடம் பாரு. அடுத்த மாதத்தில இருந்து ஆயிரத்து இருநூறு."

வேறு இடம் பார்க்க அவளால் முடியாது என்பது அவருக்குத் தெரியும். மகனைத் தேட இந்த விலாசத்தைத்தான் கொடுத்திருக்கிறாள் என்று அவளே ஒருநாள் வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். தான் அறையை விட்டுப்போன மறுநாளே கடிதம் வந்தால்? ஏமாற்றப்படுகிறோம் என்று நன்றாகத் தெரிந்துகொண்டு, ஆயிரத்து இருநூறைக் கட்டினாள். பகல் சாப்பாட்டை நிறுத்தினாள்.

கார்த்திகை பிறந்தும் தகவல் இல்லாததால் நிறுவனத்துக்குப் போனாள். அங்கிருந்த பெண் கோவையைப் புரட்டி, திரும்பிவந்த கடித உறை ஒன்றை எடுத்தாள். 'இப்பெயரில் எவரும் இங்கில்லை' என்று அதில் எழுதியிருந்தது. ஆடி மாதத்து முத்திரை.

உள்ளே டிலுக்ஷனின் கையெழுத்தில் மூன்று வரிகள் இருந்தன. 'அம்மா, வலது கால் இல்ல. உசிரோட இரிக்கன். வந்து பாருங்க.'

"இப்ப எங்க இரிக்கான்?"

அந்தப் பெண் கோவையில் இருந்ததைச் சொன்னாள். ஐப்பசியில் வடக்கே ஓர் ஆஸ்பத்திரியில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டான். கடிதம் திரும்பியதை அவனிடம் சொல்லியிருந்தார்கள். "அப்ப அம்மாவும் செத்திட்டாவா?" என்று கேட்டானாம். அதன்பிறகு யாரையும் தேடச் சொல்லவில்லையாம்.

புதைத்த இடத்தைத் தேடி ஞானமலர் வடக்கே போனாள். பன்னிரண்டு நாள் அலைந்தாள். ஒரு காணியைக் காட்டி, இதற்குள்தான் என்றார்கள். எந்த இடம் என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

திரும்பி வந்து வினாயகமூர்த்தியிடம் கேட்டாள். "ஏன் ஐயா கடிதத்தத் திருப்பின?"

"வாடகைக்கு இரிக்கிற ஆக்கள பொலிசில பதியோணும், உன்ன நான் பதியல்ல. இயக்கப் பொடியன்ட தாய் எண்டு எப்பிடிப் பதியிற? தபால்காரன் கேக்கக்க இல்லயெண்டுதான் சொல்ல ஏலும். எனக்கும் குடும்பம் இரிக்கு." பிறகு அதே தணிந்த குரலில், "இந்த மாதத்து லைற் காசு?" என்றார்.

"பன்ரண்டு நாள் நான் இங்க இல்ல. லைற்றே போடல்ல."

"கட்டுத்தொகை எண்டா கட்டுத்தொகைதான் புள்ள."

அறையின் பூட்டை அவர் மாற்றியிருந்தார். தையல் மிசின் உள்ளே இருந்தது. கழுத்தில் கிடந்த சிலுவையை அடகு வைத்துப் பணத்தைக் கொடுத்து, மிசினை வெளியே எடுத்தாள். ஓட்டோவில் ஏறும்போது வீட்டுக்காரரின் மனைவி சீதேவிப்பிள்ளை வாசல் படலைவரை வந்தாள். "எனக்குத் தெரியாது ஞானமலர், சத்தியமாத் தெரியாது," என்றாள். ஞானமலர் மிசின் ஆடாமல் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

இப்போது மாங்கேணியில் மச்சாள் வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்து தைக்கிறாள். துணி கொடுக்க வருகிற புதியவர்கள் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால், மகள் கடலோடு போனதைச் சொல்வாள். மகனைப் பற்றிக் கேட்டால், அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, "கையத் தூக்குங்க," என்பாள்.