பீட்ரூட்டுக்கு ஏது நம்பர்

சவுரியம்மாள் எதற்கும் பயப்படுவாள். கண்டக்டரைக் கண்டால் பயம், காக்கிச் சட்டை போட்ட வாட்ச்மேனைக் கண்டாலும் பயம். பேப்பரும் பேனாவுமாக யாராவது எதிரில் வந்து நின்றால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளையும் கொல்லையில் களை பறித்துக்கொண்டிருந்தவள், புருஷன் போன பிறகு, 1998இல் தேங்காய் பர்பி போட்டுத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விற்க ஆரம்பித்தாள். பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்த சாறுதான் அதற்கு நிறம். பதினாலு வருஷமாக அந்த ரோஸ் பர்பியைச் சாப்பிட்ட ஒருத்தரும் குறை சொன்னதில்லை. அதை விற்றுத்தான் மகள் பரிமளாவை நர்சிங் சேர்த்திருந்தாள். இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி.

ஒருநாள் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து மைக்கில் பேசினார்கள். "அனுமதி இல்லாத கலர் போட்டாலும், அளவுக்கு மேல போட்டாலும் கேஸ், ஜெயில்." பாவி மனுஷி காதில் அனுமதி, ஜெயில் என்ற இரண்டு வார்த்தைகள்தான் ஏறின. தான் உள்ளே போய்விட்டால் பரிமளா படிப்பு அவ்வளவுதான்.

டீக்கடை ராஜாமணியிடம் ஓடினாள். "அண்ணே, பீட்ரூட்டுக்கு அனுமதி வாங்கணுமா?"

"எனக்கு இன்னாம்மா தெரியும்? கடையில கலர் பொடி டப்பா விக்கிறான், நம்பர் போட்டுக்கினு. அதான் கவர்மெண்ட்டு ஒத்துக்கினது."

வீட்டுக்கு வந்து பீட்ரூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காயில் யாராவது நம்பர் தேடுவார்களா? இவள் தேடினாள். இல்லை. மொத்தத்தையும் எதிர்வீட்டு ஆட்டுக்குப் போட்டுவிட்டு, கலர் டப்பா ஒன்று வாங்கி வந்தாள்.

அந்தப் பொடி போட்ட முதல் தட்டை விற்பனைக்கு வைத்த காலையிலேயே அதிகாரி வந்து நின்றார். பர்பியைச் சோதனைக்காக நாலு பங்காக எடுத்துத் தனித்தனியாகக் கட்டி அரக்கு வைத்தார்.

"ஏம்மா இவ்ளோ செவப்பு? இன்னா போட்டீங்க?"

டப்பாவை நீட்டினாள். "நம்பர் இருக்குது சார். முன்ன பீட்ரூட்டுதான் போட்டுக்கினு இருந்தேன். அதுக்கு அனுமதி இல்லியேன்னு உட்டுட்டேன்."

"அது காய்தானேம்மா! சரி, இதுல எவ்ளோ போட்டீங்க? ஒரு சிட்டிகையா?"

"ஐயோ, முழு டப்பாவும் போட்டேன் சார்! சட்டத்துக்குக் கொறையக் கூடாதுல்ல?"

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. அவர் அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவள் சொன்னதையும் எழுதி முடித்து, கையெழுத்துக்காகத் தாளை அவள் பக்கம் திருப்பினார்.